வென்ற தகடும் தோற்ற தகடும்

(பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

இரண்டு கடைக்காரர்கள் விலையில் போட்டியிட்டால் வாங்குபவனுக்கு லாபம். இரண்டு கம்பெனிகள் அமைப்பு முறையில் போட்டியிட்டால் வாங்குபவனுக்கு நட்டம். 2006 முதல் 2008 வரை நடந்த எச்.டி. டிவிடி, புளூ-ரே போட்டி உலகத்துக்குக் கற்பித்த பாடம் இதுவே. முடிந்துபோன கதையை இன்று ஏன் கிளற வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் கல்யாணக் கேசட்டுக்கும் அந்தப் போட்டிக்கும் உறவு உண்டு என்பதே என் விடை.

முதலில் அறிவியலைப் பார்ப்போம். தகட்டில் உள்ள நுண்ணிய குழிகளை லேசர் ஒளிப்புள்ளி படிக்கிறது. ஒளியின் அலைநீளம் குறையக் குறைய, லென்சின் குவிக்கும் திறன் கூடக் கூட, புள்ளி சிறிதாகும். புள்ளி சிறிதானால் அதே தகட்டில் அதிகமாக எழுதலாம். டிவிடியின் சிவப்பு லேசர் 650 நானோமீட்டர். லென்சின் திறன் எண் 0.60. புதிய இரண்டு முறைகளும் 405 நானோமீட்டர் நீலஊதா ஒளியையே எடுத்துக்கொண்டன. லென்சில்தான் பிரிந்தன. எச்.டி. டிவிடிக்கு 0.65, புளூ-ரேக்கு 0.85. அலைநீளத்தை லென்ஸ் எண்ணால் வகுத்து, டிவிடியோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தை வர்க்கம் செய்து பாருங்கள். முன்னது டிவிடியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கும், பின்னது ஐந்து மடங்கும் கொள்ளும் என்று வரும். டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட்; மற்றவை முறையே 15, 25 என்பது கணக்கோடு ஒத்துப்போகிறது.

அப்படியானால் புளூ-ரே சிறந்தது, ஆகவே வென்றது என்று முடித்துவிடலாமா? முடியாது. எச்.டி. டிவிடியைப் பழைய டிவிடி ஆலைகளிலேயே சில மாற்றங்களுடன் செய்யலாம். அதனால் செலவு குறைவு. அதைத் தோஷிபா முன்னின்று நடத்தியது. புளூ-ரே பக்கம் சோனியும் பானசோனிக்கும் வேறு பல கம்பெனிகளும் நின்றன. ஹாலிவுட் படக் கம்பெனிகளும் இரு கட்சியாகப் பிரிந்தன. ஒரு படத்துக்கு ஒரு கருவி, இன்னொரு படத்துக்கு வேறு கருவி என்ற நிலை வந்தது. 2007 நவம்பரில் அமெரிக்காவில் தோஷிபா கருவி ஒன்று தள்ளுபடியில் நூறு டாலருக்கும் குறைவாக விற்றது, மக்கள் வாங்கினர். 2008 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் தான் இனி புளூ-ரே பக்கமே என்றது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா போட்டியிலிருந்து விலகியது. மூன்றே மாதத்தில், மலிவென்று வாங்கியவரின் கருவிக்குப் புதுப் படமே வராது என்றாகிவிட்டது. தேர்ந்தெடுத்தவர் கம்பெனிக்காரர், பணம் இழந்தவர் குடும்பத் தலைவர்.

இது முதல் போரும் அன்று. சோனியின் பீட்டாமேக்ஸ் 1975இலும், ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976இலும் வந்தன. தொடக்கத்தில் முன்னது ஒரு மணி நேரமும் பின்னது இரண்டு மணி நேரமும் பதிவு செய்தன. வி.எச்.எஸ். வென்றது, 1988இல் சோனியும் அதையே தயாரிக்கத் தொடங்கியது. ஆனால் வென்றவருக்கும் ஆயுள் நிலைக்கவில்லை. கடைசி வி.எச்.எஸ். டெக்குகளைச் செய்துவந்த ஜப்பானின் புனாய் கம்பெனி 2016 ஜூலையில் அதை நிறுத்தியது. எழுதத்தக்க புளூ-ரே தகடுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் சோனியும் நிறுத்திக்கொண்டது.

நம் நாட்டுக்கு வருவோம். அங்கே நீலக்கதிர் போர் நடந்தபோது இங்கே மோசர் பேயர் என்னும் இந்திய நிறுவனம் 2007இல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. உயர்தெளிவுத் தகடு எது என்ற கேள்வியே நம் கிராமங்களுக்கு எழவில்லை. கைக்கு எட்டியதே நமக்கு அமைப்பு முறை. அந்த நிறுவனத்தையும் கலைக்கும்படி 2018இல் தீர்ப்பாயம் ஆணையிட்டது.

ஆகவே, எந்தத் தகடு சிறந்தது என்ற கேள்வியே பிழையானது என்பேன். தகடு பாத்திரம், படம் பால். பாத்திரம் உடையத்தான் செய்யும். இன்னொரு பாத்திரத்துக்கு மாற்ற முடியுமா என்பதைத்தான் வாங்குமுன் கேட்க வேண்டும். சினிமாப் படம் போனால் மீண்டும் எங்காவது கிடைக்கும். பிள்ளையார்குப்பத்துக் கல்யாணத்தில் பந்தி பரிமாறிய தாத்தாவின் நடையும் குரலும் உலகில் அந்த ஒரு கேசட்டில்தான் உள்ளன. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் இத்தகைய கேசட்டுகள் இல்லாத தெரு உண்டா? நம் காற்றின் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. கடையில் வாங்கும் படத்தகட்டில் குழிகள் அச்சிடப்பட்டவை. வீடியோக்காரர் எழுதித் தந்த தகட்டிலோ சாயப் படலம்தான் பதிவைத் தாங்குகிறது. வெயிலிலும் வெப்பத்திலும் அது கெடும்.

இப்போது எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டதே என்பர் சிலர். கைப்பேசியும் ஒரு பாத்திரமே. அதுவும் தொலையும், உடையும். இணையக் கணக்கும் கடவுச்சொல் மறந்தால் பூட்டிய வீடு.

என் கருத்து இது: தனி வீடு ஒவ்வொன்றும் இந்த வேலையைச் செய்ய இயலாது; பொது இடம் ஒன்று செய்ய வேண்டும். தமிழகத்துப் பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் திரட்டிக் கணினியில் ஏற்றியுள்ளனர். நகரில் 1827இல் தோன்றிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. அத்தகைய நூலகங்களிலும் கொம்யூன் நூலகங்களிலும் ஓடும் நிலையிலுள்ள ஒரு டெக், ஒரு தகடு படிக்கும் கருவி, ஒரு கணினி இருந்தால் போதும். மூன்று மணி நேரக் கேசட்டை நகலெடுக்க மூன்று மணி நேரம் பிடிக்கும். அதற்கு ஆள் வேண்டும். நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சனிக்கிழமைகளில் அதைச் செய்யலாம். வீட்டாருக்கு இரண்டு நகல் தரலாம். அவர்கள் விரும்பினால் மட்டும் ஒன்றை நூலகம் வைத்துக்கொள்ளலாம்.

புதிய டெக் இனி வராது. இருப்பவையும் ஆண்டுக்கு ஆண்டு பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. கம்பெனிகளின் போரில் யார் வென்றால் நமக்கென்ன? நம் வீட்டு முகங்கள் தோற்காமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. அடுத்த கல்வியாண்டிலேயே அதைத் தொடங்குவோம்.