முதலில் அவசர வழி, பிறகு ஆட்டம்

கோவாவின் அர்ப்போராவில் 2025 டிசம்பர் 6 நள்ளிரவு ‘பர்ச் பை ரோமியோ லேன்’ இரவு விடுதி தீப்பிடித்து 25 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள். பல ஊர்களில் கிளை பரப்பி வேகமாக வளர்ந்த குழுமத்தின் விடுதி அது. சில மணி நேரத்தில் உரிமையாளர்கள் தாய்லாந்துக்குப் பறந்தார்கள். பிறகு பிடித்துக் கொண்டுவரப்பட்டார்கள். குழுமத்தின் பெயர் ஒரே இரவில் சரிந்தது. போன உயிர்கள் போனவைதான்.

பெங்களூருவில் அப்படி நடக்காது என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? சின்னசாமி மைதானத்துக்கு அருகில் உள்ள, கிரிக்கெட் வீரர் விராட் கோலியின் ‘ஒன் எய்ட் கம்யூன்’ பப் மீது 2024 ஜூலையில் போலீஸ் வழக்குப் பதிந்தது. இரவு 1 மணிக்கு மேலும் திறந்திருந்தது என்பது குற்றச்சாட்டு. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று எங்கே என்று மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியதோ அந்த ஆண்டின் இறுதியில். அதுவும் ஒரு சமூக ஆர்வலர் புகார் கொடுத்த பிறகு. திறப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இவ்வளவு பிரபலமான இடத்திலேயே இந்த வரிசை என்றால், பெயர் தெரியாத பார்களின் நிலை என்ன?

அதற்கான பதிலைப் பெங்களூருவின் கலாசிபாளையம் முன்பே சொல்லிவிட்டது. 2018 ஜனவரி 8 அதிகாலை, கைலாஷ் பாரில் படுத்துத் தூங்கிய 5 தொழிலாளர்கள் தீயில் மாண்டார்கள். அதே மாதம் 25ஆம் தேதி, பெங்களூருவில் லைவ் பேண்ட், காபரே, டிஸ்கோ நடத்தக் காவல்துறை உரிமம் கட்டாயம் என்ற 2005ஆம் ஆண்டு ஆணையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பிறகு போலீஸ் காட்டிய வேகம் பெரும்பாலும் இசையின் மீதுதான். இந்திராநகர் பப்களுக்கு நோட்டீஸ் பறந்தது. பல மேடைகள் அடங்கின. தனியிசைக் குழுக்களுக்கு மேடை தந்த ‘ஹம்மிங் ட்ரீ’யும் 2019இல் மூடப்பட்டது.

குடியிருப்புவாசிகளின் தூக்கம் முக்கியம். ஒலி அளவைக் கருவி வைத்து அளந்து, மீறியவர்களுக்கு அபராதம் போடட்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் யார் ஆடுகிறார்கள், யார் பாடுகிறார்கள் என்று பார்ப்பதற்குச் செலவாகும் காவல்துறையின் நேரம், படிக்கட்டு அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்குப் போக வேண்டும்.

கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் அதன்கீழ் வரும் 5 மாநகராட்சிகளும் செய்ய வேண்டியது இதுதான்: தீயணைப்புத் துறை நேரில் வந்து பார்த்துச் சான்று தராமல் எந்த பாரும் பப்பும் திறக்கக் கூடாது. மாடியில் இயங்கும் இடங்களுக்கு இரண்டாவது படிக்கட்டு இல்லாவிட்டால் அனுமதி மறுக்க வேண்டும். சான்றும், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்ற எண்ணிக்கையும் வாசலில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தொங்க வேண்டும். கடை மூடிய பிறகு தொழிலாளர்களை உள்ளேயே படுக்க வைக்கும் உரிமையாளரின் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும், அவர் எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும்.