விசையின் முகமும் பொருளும்

கொலன்னாவையிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். வீட்டில் இருப்பவை இரண்டே அறைகள். சத்திர சிகிச்சை முடிந்து வந்திருக்கும் அம்மம்மா ஓர் அறையில் படுத்திருக்கிறார். அவ்வறையின் மூலையிலேதான் கணினியும் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மேலேதான் அவளுக்குப் படிக்க நேரம் கிடைக்கிறது. பாடக் காணொளிகளுள் ஒன்று முணுமுணுக்கும், அடுத்தது அலறும். அலறல் கேட்டு அம்மம்மா திடுக்கிட்டு விழிப்பார். இவளோ சுட்டியைத் தேடி, திரையின் மூலையிலுள்ள ஒலிக்குறியைத் தேடி, அதனை இழுத்துக் குறைப்பதற்குள் அவரது உறக்கம் போய்விடும்.

"காதில் மாட்டிக் கேட்கலாந்தானே என்று எல்லாரும் சொல்கிறார்கள். மாட்டிக்கொண்டால் அம்மம்மா தண்ணீருக்குக் கூப்பிடுவது எனக்குக் கேட்காது. கணினி பாவித்த கணினி, விசைப்பலகையும் பழையது. அதில் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ விசை கிடையாது. புதிய விசைப்பலகை வாங்கத்தான் வேண்டுமா?" என்பது அவளது வினா.

வாங்க வேண்டியதில்லை, தங்கையே. உன் விசைப்பலகையின் மேல்வரிசையில் எஃப் 1 முதல் எஃப் 12 வரை பொறித்த பன்னிரண்டு விசைகள் இருக்கின்றன அல்லவா? தொழிற்பாட்டு விசைகள் எனப்படும் அவற்றுள் மூன்றுக்கு இந்த வேலையைப் பழக்கிவிடலாம். எவ்வாறு என்பதைச் சொல்லுமுன், அது ஏன் இயலும் என்பதை அறிந்துகொள்வது நன்று.

விசையின் முகத்தில் எழுதியிருப்பது வேறு. அவ்விசையின் பொருள் வேறு. நாம் ஒரு விசையை அழுத்தும்போது விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை. 'இன்ன இடத்து விசை அழுந்தியது' என்பதைக் குறிக்கும் ஓர் எண்ணை மட்டுமே அனுப்புகின்றது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தீர்மானிப்பது கணினியினுள் இருக்கும் மென்பொருளே. பொருளை மென்பொருள் தருகின்றதாயின், மென்பொருளைக் கொண்டே அதை மாற்றவும் முடியும்.

தமிழருக்கு இது புதுமையன்று. பாமினி எழுத்துருவில் தமிழ் அடிப்போர் ஆங்கில 'எஃப்' பொறித்த விசையை அழுத்திக் 'க' பெறுகிறார்கள். 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவான தமிழ் 99 முறையிலோ அதே 'க' ஆங்கில 'எச்' விசையில் இருக்கின்றது. விசைப்பலகை ஒன்றே, உடன்பாடுகள்தாம் இரண்டு. அதற்கும் முன்னர், யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்து சிங்கப்பூர் சென்ற ஆர். முத்தையா, 247 எழுத்துகளையுடைய தமிழைச் சில டசின் விசைகளுக்குள் அடக்கும் தட்டச்சுப் பொறியை ஆக்கினார். பிற மொழிக்கென வகுத்த விசைகளுக்கு நமது பொருளைத் தருவது நமக்கு அன்றே கைவந்த கலை. அவர் இரும்பில் செய்ததை இன்று ஒரு மாணவி சில நிமிடங்களில் செய்யலாம்.

தொழிற்பாட்டு விசைகளோ இத்தகைய மாற்றத்திற்கென்றே பிறந்தவை எனலாம். 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் விசைப்பலகையில் 83 விசைகள் இருந்தன. அவற்றுள் பத்து, இடப்புறத்தில் இரு நிரல்களாக நின்ற தொழிற்பாட்டு விசைகள். எழுத்தெதுவும் தராமல், அவ்வப்போது ஓடும் மென்பொருள் இடும் வேலையைச் செய்வதே அவற்றின் கடமை. பின்னர் அவை பன்னிரண்டாகி மேல்வரிசைக்கு ஏறின.

இனிச் செய்முறைக்கு வருவோம். மடிக்கணினி வைத்திருப்போர் முதலில் மேல்வரிசையை உற்று நோக்கவேண்டும். ஒலிபெருக்கிப் படம் சிறிதாகப் பொறித்திருந்தால் வேலை ஏற்கெனவே முடிந்தது. 'எஃப்என்' என்னும் விசையை அழுத்திக்கொண்டு அதனைத் தட்டினாற் போதும்.

அவ்வசதி இல்லாத விசைப்பலகைக்கு, விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் கணினியாயின், மைக்ரோசொப்ட் நிறுவனம் இலவசமாக வழங்கும் 'பவர்டோய்ஸ்' என்னும் மென்பொருளை நிறுவுக. அதிலே 'கீபோர்ட் மனேஜர்' என்னும் பகுதியைத் திறந்து, விசையை மாற்றும் இடத்திற்குச் செல்க. இடப்பக்கத்தில் எஃப் 8 ஐயும் வலப்பக்கத்தில் 'வொலியூம் மியூட்' என்பதையும் தெரிவு செய்க. அவ்வாறே எஃப் 9 க்கு 'வொலியூம் டவுன்', எஃப் 10 க்கு 'வொலியூம் அப்'. சேமித்தவுடன் விசைகள் புதிய வேலையைத் தொடங்கும். அம்மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் வரையிலேயே மாற்றம் நிலைக்கும் என்பதை மறவற்க. கணினி தொடங்கும்போதே அதுவும் தொடங்குமாறு அமைத்துக்கொள்வது நலம். பழைய கணினியில் உபுண்டு லினக்ஸ் ஓடுமாயின் தனி மென்பொருளே வேண்டியதில்லை. அமைப்புகளில் விசைப்பலகைக் குறுக்குவழிகளைத் திறந்தால், ஒலிக்குரிய விசைகளை நாமே குறிக்க இடமுண்டு.

எஃப் 8, 9, 10 ஆகியவற்றை ஏன் சொன்னோம் என்று கேட்கலாம். எஃப் 2 கோப்பின் பெயரை மாற்ற உதவும். எஃப் 5 பக்கத்தைப் புதுப்பிக்கும். எஃப் 11 திரை முழுவதும் காட்டும். அன்றாடம் கைகொடுக்கும் இவற்றை இழக்கலாகாது. எஃப் 9 எக்ஸெல் மென்பொருளில் மறுபடி கணக்கிடும் விசை; உன் வீட்டில் எவரேனும் அதைப் பாவிப்பவராயின் வேறு விசையைத் தேர்ந்துகொள். ஒன்றைப் பெறுவதற்கு எதனைக் கொடுக்கிறோம் என்று பார்த்துச் செய்வதே சிக்கனம்.

இம்மூன்றுள்ளும் எது முதன்மையானது என்பதையும் உணரவேண்டும். விண்டோஸ் கணினியில் ஒலிவிசையை ஒருமுறை தட்டினால் நூற்றில் இரண்டு அளவே மாறும். முழு ஒலியிலிருந்து அடியோடு இறக்க ஐம்பது தட்டுகள் வேண்டும். அல்லது சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்குள் அம்மம்மா எழுந்துவிடுவார்! ஆகவே அலறல் கேட்டதும் கை போகவேண்டியது எஃப் 8 க்கே. ஆயினும் ஓர் எச்சரிக்கை: ஒருமுறை தட்டினால் ஊமையாகும், பதற்றத்தில் இருமுறை தட்டினால் மீண்டும் பேசத் தொடங்கிவிடும். ஒரே தட்டு, பிறகு எஃப் 9 ஐ அழுத்திப் பிடித்துக் குறைத்தல், அதன்பின் மீண்டும் எஃப் 8. இந்த ஒழுங்கைப் பகலிலே நாலைந்து முறை பழகிக்கொண்டால் இரவின் இருளிலும் விரல் தவறாது.

இறுதியாக ஒன்று. விசையின் பொருளை மாற்றிய நீ அதன் முகத்தை மாற்றவில்லை. வீட்டுக் கணினி பலர் கைபடுவது. நாளை தம்பி எஃப் 10 ஐத் தட்டி, ஒலி ஏறுவதைக் கண்டு, கணினியில் பேய் புகுந்துவிட்டதென்று கூக்குரலிட்டால் அம்மம்மாவின் உறக்கம் அதனாலும் கெடும். எனவே மூன்று சிறு தாள் துண்டுகளில் 'ஊமை', 'குறை', 'கூட்டு' என்று தமிழிலே எழுதி அவ்விசைகளின் மேல் ஒட்டிவிடு, வீட்டாருக்கும் சொல்லிவை. பொருளை மாற்றும் உரிமை உனக்குண்டு. மாற்றியதை உடனிருப்போர்க்கு அறிவிக்கும் கடமையும் உனக்கே உண்டு.

பரீட்சை முடிந்து, அம்மம்மாவும் எழுந்து நடமாடத் தொடங்கியதும், விரும்பினால் அந்த மாற்றங்களை நீக்கிவிடலாம். விசைகள் தம் பழைய வேலைக்கே திரும்பிவிடும். அதுவரை அவர் கூப்பிடும் குரல் கேட்கும் காதும், ஒலியை அடக்கும் விரலும் உனக்கு ஒருங்கே இருக்கட்டும்.