ஜூன் மாதம் திடீரென்று வருவதில்லை

“கைக்கும் வாய்க்குமே சரியாப் போகுது, இதுல கணக்கு எழுதி என்ன ஆகப்போகுது? சம்பளம் கூடட்டும், அப்புறம் பார்க்கலாம்.” இதைச் சொல்லாத வீடு நம்மிடையே குறைவு. பத்து வருடம் நானும் சொன்னேன். இன்று கேட்டால் கோபம் வருகிறது. நியாயம்போல ஒலிக்கும் இந்தப் பேச்சுதான் சிறு சம்பளக்காரரை வருடா வருடம் அடகுக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

எங்கள் வீட்டில் அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி மே மாதக் கடைசியில் அடகுக்குப் போகும். பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை எல்லாம் சேர்ந்து 24,000 ரூபாய். இரண்டு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். திருப்புவதற்குள் தை பிறந்துவிடும். எட்டு மாத வட்டி மட்டும் 3,840 ரூபாய். கேட்டால் ‘திடீர்ச் செலவு’ என்போம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் என்பது யாருக்குத் தெரியாது? தீபாவளி எந்த வருடமாவது சொல்லாமல் வந்திருக்கிறதா? மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டு வரி அரையாண்டுக்கு ஒருமுறை, வண்டி இன்ஷூரன்ஸ் வருடத்துக்கு ஒருமுறை. எல்லாமே தேதி குறித்துக்கொண்டு வருகிற செலவுகள்.

சிக்கனம் பேசுகிறவர்கள் உடனே டீயைக் குறை, சினிமாவைக் குறை என்கிறார்கள். அதுவும் எனக்கு உடன்பாடில்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவரின் டீயில் கைவைக்கத் தேவையே இல்லை. பணம் வரும் நாளும் செலவு வரும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். மாதம் இரண்டு லட்சம் வாங்குபவருக்கு அந்த இடைவெளி உறைக்காது. 18,000 வாங்குபவருக்கு அதுதான் வாழ்க்கை. அப்படியானால் கணக்கு யாருக்கு முதலில் வேண்டும்?

2009-இல் வந்த ‘போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்’ என்ற ஆய்வு நூல், இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்காவில் 250-க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை ஏறத்தாழ ஓராண்டு பின்தொடர்ந்து எழுதப்பட்டது. வருமானம் குறைவாகவும் ஒழுங்கில்லாமலும் வருவதாலேயே அவர்கள் காசை ஓயாமல் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதை அது காட்டியது. கைமாற்று, சீட்டு, சேமிப்பு, கடன் என்று நம் வீடுகளிலும் அதே ஓட்டம்தான். ஏழைக்கு நிர்வகிக்க என்ன இருக்கிறது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

யோசித்துப் பாருங்கள். மளிகைக் கடைப் பற்று நோட்டில் நம் கணக்கு இருக்கிறது. அடகுக்கடைப் பேரேட்டில் இருக்கிறது. குழுக்கடன் வசூலிக்க வருபவரின் கையிலும் இருக்கிறது. நம் வீட்டில் மட்டும் இல்லை. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களில், சொற்ப வருமானப் பெண்கள் முதலில் பழகியது சிறுசேமிப்பையும் அதை நோட்டில் பதிவதையும்தான்.

நாங்கள் தொடங்கியது பால் கணக்கு குறிக்கும் மாதக் காலண்டரில். ஜூன் தாளின் ஓரத்தில் மனைவி பென்சிலால் 24,000 என்று எழுதினாள். பன்னிரண்டால் வகுத்தால் 2,000. அவ்வளவு முடியவில்லை; 1,200 முடிந்தது. சம்பளம் வந்த அன்றே எடுத்து வைத்தோம். (அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலும் சேரலாம், ஆனால் அது ஐந்து வருடத் திட்டம், அடுத்த ஜூனுக்கு ஆகாது.) மறு மே மாதம் 14,400 இருந்தது. சங்கிலி அந்த வருடமும் அடகுக்குப் போனது, ஆனால் 9,600-க்கு. வைகாசியில் வைத்தது ஆவணியிலேயே திரும்பி வந்தது. அடுத்த வருடம் போகவே இல்லை. முன்பு கட்டிய 3,840 ரூபாய் வட்டி, நாங்கள் மூன்று மாதம் ஒதுக்கியதைவிட அதிகம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அரிசிக்கே போதாத கூலியை நோட்டுப் புத்தகம் நிரப்பாது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே வேண்டியது கூலி உயர்வு. ஆனால் அதை முதலாளியிடம் கேட்கப் போகும்போதும் “பத்தலைங்க” என்றால் “யாருக்குத்தான் பத்துது” என்று பேச்சை முடித்துவிடுவார். “மாசம் 2,300 ரூபா துண்டு விழுதுங்க, இதோ வாடகை, இதோ அரிசி, இதோ பஸ்” என்று நோட்டை விரித்து வைத்தால், ஒவ்வொரு வரிக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.