பட்டா கேட்கும் திட்டங்களும் பிளாட்பாரக் குடும்பங்களும்

ஊரில் வீடு கேட்டு மனுக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். எந்தத் திட்டமானாலும் முதல் கேள்வி, ‘பட்டா இருக்கா?’ என்பதுதான். பிரதமர் பெயரில் உள்ள வீட்டுத் திட்டமாக இருக்கட்டும், 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லமாக இருக்கட்டும், மனை இருந்தால்தான் கட்டுமானப் பணம் வரும். மனை இல்லாத தலித் குடும்பங்களுக்கு நிலம் எடுத்துக் கொடுப்பதற்கென்றே 1978-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. பல ஊர்களில் காலனி விரிந்தது அப்படித்தான். ஆனால் அந்த மனையும் வாய்க்காமல், அல்லது மனை கிடைத்தும் கூலி கிடைக்காமல், இரண்டு தலைமுறைக்கு முன்பே பட்டணத்துக்கு ரயில் ஏறியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள்?

சென்னையில் பிராட்வே, ஜார்ஜ் டவுன், ராயபுரம் பக்கம் இரவு பத்து மணிக்கு மேல் நடந்தால் தெரியும். கடைகளின் ஷட்டர் இறங்கியபின் அந்த வாசலில் பாய் விரிகிறது. சுவரோரம் தார்ப்பாய், ஒரு மரப்பெட்டி, இரண்டு குடம், அடுப்பு. ஆண்கள் மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள். பெண்கள் பூ கட்டுகிறார்கள், பூண்டு உரிக்கிறார்கள், வீட்டு வேலைக்குப் போகிறார்கள். நேற்று வந்தவர்கள் அல்லர். அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள்.

2019-இல் வெளியான ஓர் ஆய்வு தமிழ்நாடு உள்ளிட்ட 5 மாநிலங்களில், 15 நகரங்களில், வீடற்ற 4,382 பேரிடம் விசாரித்தது. அவர்களில் 60 சதவீதம் பேர் தாங்கள் வசிக்கும் அதே நகரத்திலேயே பிறந்தவர்கள். 36 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர், 23 சதவீதம் பேர் பழங்குடியினர். ‘பிழைக்க வந்தவர்கள், திரும்பிப் போய்விடுவார்கள்’ என்று அதிகாரிகள் சொல்லும் வழக்கமான பதில் இந்தக் கணக்கில் நிற்காது. திரும்பிப் போக ஊர் இல்லை. ஊரில் இருந்ததும் சேரியின் ஓரத்தில் ஒரு புறம்போக்குக் குடிசைதான்.

இவர்களுக்கு அரசு என்ன தருகிறது? இரவுக் காப்பகம். லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் வகுத்தது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதற்கு நிதி ஒதுக்கி, ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவும் சொன்னது. 2011 கணக்கெடுப்புப்படி விரிவான சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 67 லட்சம். அப்படியென்றால் அப்போதே 67 காப்பகங்கள் இருந்திருக்க வேண்டும். காப்பகங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. வேலை தேடி வந்தவர், மருத்துவமனையில் நோயாளியுடன் இருப்பவர், வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட முதியவர் எல்லோருக்கும் அது உயிர் காக்கும் இடம். ஆனால் கணவன், மனைவி, வளர்ந்த மகன், மாமியார் என்று ஐந்து பேர் உள்ள குடும்பம் அங்கே எப்படிப் போகும்? பெரும்பாலும் ஆணுக்கு ஓர் இடம், பெண்ணுக்கு வேறோர் இடம். குடும்பத்தைப் பிரித்துத் தரும் கட்டிலைவிடச் சேர்ந்து படுக்கும் பிளாட்பாரம் மேல் என்று அவர்கள் முடிவெடுப்பதில் தவறு காண முடியவில்லை.

அடுத்தது மறுகுடியமர்வு. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தெற்கு விளிம்பில் கட்டிய அடுக்குமாடிகள். சுவரும் கூரையும் உண்டு, கதவுக்குப் பூட்டும் உண்டு. ஆனால் விடியற்காலை நாலு மணிக்குப் பூ மார்க்கெட்டில் நிற்க வேண்டியவருக்குப் பெரும்பாக்கத்திலிருந்து எந்த பஸ் வரும்? பயனாளி பங்குத்தொகை என்று கேட்கும் பணத்தை நாள்கூலி எங்கே புரட்டும்? வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி பழைய பிளாட்பாரத்துக்கே வந்தவர்களை ‘வீடு கொடுத்தாலும் வாழத் தெரியாதவர்கள்’ என்கிறார்கள். சேரிக்காரனைப் பற்றி ஊர் சொல்லிவந்த அதே பேச்சு, நகரத்தில் கொஞ்சம் நாகரிகமாக ஒலிக்கிறது.

கட்டிலும் வேண்டாம், முப்பது கிலோமீட்டர் தள்ளிய மாடியும் வேண்டாம் என்றால் வேறு என்ன? உலகில் பல நகரங்கள் முயன்று பார்த்த ஒரு வழி இருக்கிறது. ஆதரவுடன் கூடிய வீடு. பிழைப்பு நடக்கும் பகுதியிலேயே ஒரு சிறு வீடு, வருமானத்துக்குத் தக்க வாடகை. கூடவே ஒரு பணியாளர் வந்துபோவார். மருந்து, ஆதார், பள்ளிச் சேர்க்கை, வேலை எல்லாவற்றுக்கும் துணை நிற்பார். 1992-இல் நியூயார்க்கில் மனநோயோடு தெருவில் கிடந்தவர்களுக்காகத் தொடங்கிய முறையில் ஒரு முக்கியமான மாற்றம் இருந்தது. ‘முதலில் குடியை விடு, மருந்து சாப்பிடு, அப்புறம் வீடு’ என்பதைத் தலைகீழாக்கி, முதலில் சாவியைக் கொடுத்தார்கள். அப்படி வீடு பெற்றவர்களில் பெரும்பாலோர் மறுபடி தெருவுக்கு வரவில்லை என்பதைப் பல ஆய்வுகள் காட்டின.

இதற்கு ஒரு நகரமே பெரிய அளவில் பணம் போட்ட கதை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ். தலித் வாசகர்கள் அதைக் கவனிக்கக் காரணம் இருக்கிறது. அந்த மாவட்ட மக்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 8 சதவீதம்தான். ஆனால் வீடற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கு அவர்கள். கறுப்பர்களுக்கு வீடு விற்காதே, வங்கிக் கடன் தராதே என்று பல பத்தாண்டுகள் நடந்த ஒதுக்கலின் விளைவு அது. 2018-இல் அங்குள்ள வீடற்றோர் சேவை ஆணையமே அறிக்கை போட்டு அதை ஒப்புக்கொண்டது. நம் ஊரில் எந்த மாநகராட்சியாவது வீடின்மைக்குச் சாதி ஒரு காரணம் என்று அறிக்கை எழுதியிருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை.

2016 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் வாக்காளர்கள் 120 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். சொத்து வரியைக் கூட்டித் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் அது. சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விழுந்தது. இலக்கு 10,000 வீடுகள். ஆனால் முதல் கட்டடம் திறக்கவே ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆனது. ஒரு வீட்டின் சராசரிச் செலவு 5 லட்சம் டாலரைத் தாண்டியது. ‘எங்கள் தெருவில் வேண்டாம்’ என்ற எதிர்ப்பு வேறு. வீடுகள் எழும்புவதற்குள் வாடகை ஏறி, தெருவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை பெருகிவிட்டது. அவர்கள் செய்ததில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, இதற்கென நகரமே தன் பெயரில் கடன் வாங்கிப் பணம் ஒதுக்கியதை. விட்டுவிட வேண்டியது, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டித்தான் தருவேன் என்ற பிடிவாதத்தை.

கட்டாமலும் செய்யலாம் என்பதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. சென்னையில் 1993 முதல் இயங்கும் பேன்யன் அமைப்பு, மனநோயால் தெருவுக்கு வந்து, குணமான பிறகும் போக வீடில்லாமல் நிறுவனத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்ட பெண்களுக்காக 2015-இல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. சாதாரணத் தெருக்களில், கிராமங்களிலும்கூட வீடுகளை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேரைச் சேர்ந்து குடியமர்த்தி, ஒரு துணையாளரையும் வைத்தார்கள். அந்தப் பெண்கள் சமைத்தார்கள், கடைக்குப் போனார்கள், வேலை தேடிக்கொண்டார்கள். இது மனநோயாளிகளுக்கு ஒரு தொண்டு நிறுவனம் செய்தது. பிளாட்பாரக் குடும்பங்களுக்கு ஒரு மாநகராட்சி ஏன் செய்யக் கூடாது?

ஒரு சிக்கல் உடனே வரும். வாடகை வீடு யார் தருவார்? ‘நீங்க எந்த ஆளுங்க?’ என்று கேட்காத வீட்டுக்காரரைத் தேடி அலைந்த அனுபவம் இதைப் படிக்கும் மாணவர்கள் பலருக்கு இருக்கும். படித்து, வேலையிலும் இருப்பவருக்கே அந்தக் கேள்வி என்றால், பிளாட்பாரத்திலிருந்து வருபவருக்கு? அதனால்தான் வாடகை ஒப்பந்தம் மாநகராட்சியின் பெயரில் இருக்க வேண்டும் என்கிறேன். வீட்டுக்காரருக்கு வாடகை தருவது மாநகராட்சி, குடியிருப்பவர் தன்னால் முடிந்த பங்கை மாநகராட்சிக்குக் கட்டுவார். வட சென்னையில் மாநகராட்சிக்கே சொந்தமான பழைய கட்டடங்களைப் பிரித்துக் குடும்ப அறைகளாக்குவது இன்னும் எளிது.

பணம்? 2024-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்குத் தனிச் சட்டம் நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்கி, அதை வேறு செலவுக்குத் திருப்பாமல் பார்த்துக்கொள்ளவே அந்தச் சட்டம். அந்த நிதி தனிநபருக்கோ தலித் குடியிருப்புக்கோ போக வேண்டும். ராயபுரத்துப் பிளாட்பாரம் யாருடைய ஏட்டிலும் ‘குடியிருப்பு’ அல்ல. அங்கே வாழ்பவர் தனிநபராகக் கேட்கலாம் என்றால் சாதிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு நிரந்தர முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். ஊரில் பட்டா கேட்டு நிறுத்திய அதே வரிசை இங்கே வேறு காகிதத்தைக் கேட்டு நிறுத்துகிறது. பிளாட்பாரத்தில் வளரும் பிள்ளை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்பதும் இங்கேதான்.

மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில், வாழ்வாதாரம் என்பது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1985-இல். சென்னை மக்களுக்காக, பின்னாளில் ‘ஜெய் பீம்’ படத்தின் மூலம் ஊரெல்லாம் அறியப்பட்ட கே. சந்துரு தொடுத்த வழக்கிலும் அதே ஆண்டுதான் தீர்ப்பு வந்தது. நாற்பது ஆண்டுகள். அன்று கைக்குழந்தையாக அந்தத் தெருவில் இருந்தவர்களுக்கு இன்று வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மாநகராட்சியின் அடுத்த பட்ஜெட்டில் வீடற்றோருக்கான தலைப்பில் ‘காப்பகப் பராமரிப்பு’ என்ற வரிக்குக் கீழே ‘குடும்ப வாடகை வீடு’ என்று இன்னொரு வரி சேர்கிறதா என்று கவுன்சிலர்களிடம் கேட்போம். அடுத்த கணக்கெடுப்பில் வீடற்றோரின் சாதியையும் எண்ணி வெளியிடச் சொல்வோம். உங்கள் ஊரிலிருந்து போய்த் திரும்பாத குடும்பம் எது என்று தெரிந்தால், மனை கேட்போர் பட்டியலில் அவர்கள் பெயரையும் கிராமசபையில் சேர்க்கச் சொல்லுங்கள்.