சைமன் காசிச்செட்டியும் நமது பட்டியல்களும்

சென்ற மாதம் ஒரு சின்னக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் எழுதுகிறவர்கள். தமிழில் விமர்சனம் ஏன் உருவாகவில்லை என்று பேச்சு. ஒருவர் சொன்னார்: 'காசிச்செட்டி காலத்திலிருந்தே நமக்குப் பட்டியல் வியாதி.' எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். சிரித்தவர்களில் எத்தனை பேர் 'தமிழ் புளூட்டாக்'கைத் திறந்து பார்த்திருப்பார்கள் என்ற யோசனை வீடு திரும்பும்போதுதான் வந்தது. மறுநாள் சொன்னவரையே கேட்டேன். அவர் படித்ததில்லை. படித்த ஒருவர் எழுதியதைப் படித்திருக்கிறார்.

பல்கலைக்கழகத்துக்காரர்கள் இன்னொரு விதம். அவர்களுக்குக் காசிச்செட்டி 'முன்னோடி'. 1859, யாழ்ப்பாணம், தமிழ்ப் புலவர் சரித்திரம் ஆங்கிலத்தில் - பரீட்சைக்கு இது போதும். முன்னோடி என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் அவரைப் படிக்க வேண்டிய சிரமம் இல்லை. பிணத்துக்கு மாலை போடுகிற மாதிரி. நாம் கேலி செய்கிறோம், அவர்கள் மாலை போடுகிறார்கள். புத்தகம் பிரிக்கப்படாமல் இருப்பது இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

நான் அதை வாங்கியது திருவல்லிக்கேணி நடைபாதையில், 1982இல் வந்த மறுபதிப்பு. வாங்கும்போது எனக்கும் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை.

மனிதர் யார்? 1807இல் இலங்கையின் மேற்குக் கரையில் கற்பிட்டியில் பிறந்தவர். புத்தளத்தில் மணியகாரர், பிறகு சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி, பிறகு சிலாபத்தில் நீதிபதி. சரித்திரம் அவருக்குத் தொழில் அல்ல. கச்சேரி வேலை முடிந்த பிறகு எழுதியவர். (இதற்காக அவர்மேல் எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நானும் ஆறு மணிக்கு மேல் எழுதுகிறவன்தான்.)

முதலில் குற்றப் பத்திரிகை. புளூட்டாக் என்ற பெயரே இந்தப் புத்தகத்துக்குப் பொருந்தாது. புளூட்டாக் ஒரு கிரேக்கனையும் ஒரு ரோமானியனையும் ஜோடி சேர்த்தான். டெமாஸ்தனிஸையும் சிசரோவையும் எதிரெதிரே நிறுத்தி, எவனிடம் எது கூடுதல், எது குறைவு என்று நிறுத்துப் பார்த்தான். காசிச்செட்டியிடம் தராசு இல்லை. ஆங்கில அகர வரிசைதான் இருக்கிறது. ஒரு புலவர், அவர் ஊர், அவரை ஆதரித்தவர், அவரைப் பற்றிய அற்புதம், மாதிரிக்கு ஒரு பாட்டு, அதன் ஆங்கிலம், அடுத்த புலவர். இந்தப் பாட்டு ஏன் பாட்டு என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. அந்தக் காலத்தில் அப்படிக் கேட்க முடியாது என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். அவர் எழுதிய அதே ஆங்கிலத்தில், எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேல் முன்னாலேயே, ஜான்சன் கவிஞர் சரித்திரங்கள் எழுதி முடித்துவிட்டார். மில்டனின் 'லிசிடாஸ்' தமக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினார். அது தப்பான தீர்ப்பு என்றே பலரும் இன்று நினைக்கிறோம். ஆனாலும் தீர்ப்பு. காசிச்செட்டி தப்பாகக்கூடத் தீர்ப்புச் சொல்லவில்லை. வேடிக்கை, சிலாபத்தில் அவர் உத்தியோகமே தீர்ப்புச் சொல்வது.

இதோடு நிறுத்திக்கொண்டால் என் நண்பர் சொன்னது சரியாகிவிடும். ஆனால் நிறுத்த முடியவில்லை.

1859இல் அவர் கையில் என்ன இருந்தது? கலித்தொகையும் சிந்தாமணியும் அச்சானது 1887இல். பத்துப்பாட்டு முழுசாக 1889, சிலப்பதிகாரம் உ.வே.சா. பதிப்பாக 1892, புறநானூறு 1894. இவர் 1860லேயே போய்விட்டார். சங்க இலக்கியம் என்று இன்று நாம் மார்தட்டிக் கொள்வதில் பெரும்பகுதி அப்போது ஏட்டில், யார் வீட்டுப் பரணிலோ. இவரிடம் இருந்தவை கதைகள், தனிப்பாடல்கள், வித்வான்களின் வாய்ப்பேச்சு. ஔவை வள்ளுவருக்குச் சகோதரி என்ற கதையை அவர் எழுதிவைத்தார் என்பது நமக்குச் சிரிப்பு. நம் தாத்தாக்களும் அதையே நம்பினார்கள். உ.வே.சா. பதிப்பித்த பிறகும் நம்பினார்கள்.

நான் கவனித்தது வேறு. அவர் கதை சொல்லும் இடங்களில் பல முறை 'சொல்லப்படுகிறது', 'ஐதிகம் கூறுகிறது' என்ற பாவனையில்தான் வாக்கியத்தைத் தொடங்குகிறார். எல்லா இடத்திலும் அல்ல. வழுக்கிய இடங்களும் உண்டு. ஆனாலும் அந்த வால் இருக்கிறது. எங்கள் பேங்கில் ஒரு தொகை வந்து, அது யாருடையது என்று தெரியாவிட்டால் கண்ட கணக்கில் வரவு வைக்கக் கூடாது. சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட வேண்டும். உரியவன் தெரிகிறவரை அது அங்கேயே கிடக்கும். ஆடிட்டர் வருஷா வருஷம் அதைச் சுட்டிக் கேட்பான், அவமானமாகவும் இருக்கும். கம்ப்யூட்டர் வந்தும் அது ஒழியவில்லை. காசிச்செட்டி தம் கதைகளில் பெரும்பாலானவற்றை சஸ்பென்ஸில் வைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்தவர்கள் அவற்றை எடுத்துப் பெயர் பெயராக வரவு வைத்துவிட்டார்கள். 'சொல்லப்படுகிறது' உதிர்ந்தது, கதை சரித்திரமானது. 1886இல் ஆர்னால்டு சதாசிவம் பிள்ளை 'பாவலர் சரித்திர தீபக'த்தில் இவரை ஆதாரமாக எடுத்துக்கொண்டார். அவரிலிருந்து இன்னொருவர், அங்கிருந்து பாடநூல். முதலில் எழுதியவன் வைத்திருந்த தயக்கம் நான்காவது கையில் முழுசாகக் காணாமல் போயிருக்கிறது. இதற்குக் காசிச்செட்டியா பொறுப்பு?

நான் கேலி செய்த அகர வரிசையை இன்னொரு முறை பார்த்தேன். சைவர், வைணவர், சமணர், கிறிஸ்தவரான வீரமாமுனிவர், முஸ்லிமான உமறுப்புலவர், இந்தியத் தமிழன், இலங்கைத் தமிழன் - எல்லோரும் ஒரே வரிசையில், எழுத்து வந்த இடத்தில் நிற்கிறார்கள். யாருக்கும் முன்மண்டபம் இல்லை. இதன் பிறகு எழுதப்பட்ட நம் இலக்கிய வரலாறுகளில் உமறு எங்கே நிற்கிறார்? கடைசி அத்தியாயத்தில், 'இஸ்லாமியர் தொண்டு' என்ற தலைப்பில், செருப்பைக் கழற்றிவிட்டு. தராசு இல்லாதவனின் வரிசை, கள்ளத் தராசு வைத்திருக்கிறவனின் வரிசையைவிட யோக்கியமாக இருக்கிறது.

இன்னொன்று. காசிச்செட்டி என்றால் 'புளூட்டாக்' மட்டும் என்று நினைப்பது நம் சோம்பல். இருபத்தேழு வயதில், 1834இல், 'சிலோன் கெஸட்டியர்' வெளியிட்டார். அதுவும் அகர வரிசைதான். ஆனால் அங்கே காதால் கேட்டதோடு நிற்கவில்லை, கண்ணால் பார்த்திருக்கிறார். ஊர், துறைமுகம், ஆறு, குளம், பயிர், வியாபாரம், ஜனங்களின் வழக்கம். பிறகு ராயல் ஏஷியாட்டிக் சொஸைட்டியின் இலங்கைக் கிளை சஞ்சிகையில் யாழ்ப்பாணச் சரித்திரம் எழுதினார். சிங்கள ஊர்களில் யாரும் தொடாத ரொடியாக்களைப் பற்றி எழுதினார், அவர்கள் பேசும் சொற்களைச் சேகரித்தார். ஒரு மணியகாரன் பார்வைதான், அதிகாரத்தின் பார்வைதான், படித்த துரைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டதுதான். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் தீண்டப்படாதவன் தண்ணீருக்கு என்ன பெயர் சொல்கிறான் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறதே! வட்டார நாவல், மண் வாசனை என்று நாம் இத்தனை வருஷம் கூச்சல் போட்டிருக்கிறோம். நம்மில் எத்தனை பேருக்குச் சொந்தத் தாலுகாவில் உப்பு எங்கே விளைகிறது, யார் வாருகிறார்கள் என்று தெரியும்?

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். சென்ற கூட்டத்திலேயே நடந்தது இது. ஒரு மணி நேரத்தில் புதுமைப்பித்தன் அடித்த கிண்டல்கள் என்று நான்கு கேட்டேன். யாருக்கும் மூலம் தெரியவில்லை. பாரதியும் திருவல்லிக்கேணி யானையும் ஒரு முறை வந்து போயின. ஒரு கவிஞர் ஒரு பத்திரிகாசிரியர் முகத்தில் கவிதையைக் கிழித்தெறிந்த கதையை இரண்டு பேர் இரண்டு கவிஞர்கள் மேல் ஏற்றிச் சொன்னார்கள். ஒரு கவிதையின் ஒரு வரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் புதுக்கவிதை முன்னோடிகள் யார் என்று சர்ச்சை வந்து, காகிதத்தில் பெயர்கள் எழுதப்பட்டன. அகர வரிசைகூட இல்லை. பேசியவர்களுக்கு யார் யார் நண்பர்களோ அந்த வரிசை. அவரிடம் அற்புதங்கள் இருந்தன, நம்மிடம் டீக்கடைக் கதைகள் இருக்கின்றன. அவரிடம் இருந்த 'சொல்லப்படுகிறது' மட்டும் நம்மிடம் இல்லை.

இதை அந்த நண்பரிடமும் சொன்னேன். வருத்தப்படவில்லை. பெரிய மனசு. அவர் இப்போது கவிதைத் தொகுப்பு ஒன்று தயாரித்துக்கொண்டிருக்கிறார். கவிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதித்தரும்படி என்னையே கேட்டிருக்கிறார். கவிதைகளைப் பற்றி அபிப்ராயம் எழுதலாமா, குறிப்புகள் எந்த வரிசையில் அச்சாகும் என்று இரண்டே கேள்வி கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.