மஞ்சள் லைட் எரிந்தாலும் சர்டிபிகேட் ரெடி! கார் புகை சோதனையில் இருக்கும் ஓட்டை

சென்னை:

"டாஷ்போர்டுல என்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் எரியுதே?" என்று கேட்டால், "வண்டி நல்லாத்தானே ஓடுது, விடுங்க சார்" என்பதுதான் பல ஒர்க்‌ஷாப்களில் கிடைக்கும் பதில். அதே காரை பெட்ரோல் பங்க்கில் உள்ள புகை பரிசோதனை மையத்துக்கு கொண்டு போனால், சில நிமிடங்களில் சர்டிபிகேட் கையில்!

அப்படியென்றால் லைட் பொய் சொல்கிறதா, சோதனை பொய் சொல்கிறதா? இரண்டுமே பொய் இல்லை. லைட் பார்ப்பது ஒன்று, சோதனை பார்ப்பது வேறொன்று. சிக்கலே அங்கேதான்.

1995ல் தொடங்கிய கதை

1995 ஏப்ரலில் சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா ஆகிய 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 'கேட்டலிடிக் கன்வெர்ட்டர்' கட்டாயமானது. ஈயம் இல்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. காரணம், ஈயம் பட்டால் கன்வெர்ட்டர் செத்துப்போகும்.

சைலன்சருக்கு முன்னால் இருக்கும் இந்த டப்பாவுக்குள் தேன்கூடு போன்ற ஓட்டைகள். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் கார்பன் டை ஆக்சைடு, தண்ணீராக மாற்றும். நைட்ரஜன் ஆக்சைடை சாதாரண நைட்ரஜனாக மாற்றும்.

மூன்று வேலையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமானால் 1 கிலோ பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் கலந்தால் இந்த அளவு குறையும். இதை சரிக்கட்டிக்கொண்டே இருப்பதுதான் ஆக்சிஜன் சென்சாரின் வேலை.

காருக்கு 2 மூக்கு

கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒன்று. வழக்கமான சென்சாரில் பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் அளவுக்கு ஏறும். காற்று கூடினால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும். அதைப் பார்த்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

முன் சென்சார் ஏறி இறங்கினாலும் பின் சென்சார் அசையாமல் நிற்க வேண்டும். அதுவும் சேர்ந்து ஆடினால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பி0420 என்ற கோளாறு எண் பதிவாகி மஞ்சள் லைட் எரியும்.

சோதனையில் தப்புவது எது?

பி.எஸ்.4, பி.எஸ்.6 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். தாண்டக்கூடாது. டீசலுக்கு புகையின் அடர்த்தியைப் பார்ப்பார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பது கிடையாது. கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணைப் படிப்பதும் கிடையாது.

இதுதான் சிலருக்கு வசதியாகி விட்டது. "பிக்கப் வரல" என்று டீசல் கார்களில் ஈ.ஜி.ஆர். வால்வை தகடு வைத்து அடைத்து விடுகிறார்கள். எரிந்த புகையில் கொஞ்சத்தை திரும்ப என்ஜினுக்குள் விட்டு சூட்டைக் குறைக்கும் வால்வு அது. அடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு எகிறும். ஆனால் புகை கருக்காது. சோதனையில் பாஸ்!

இதன் பலனை அனுபவிப்பது யார்? சிக்னலில் பின்னால் நிற்கும் பைக்காரரும், ஆட்டோ டிரைவரும், டிராபிக் போலீசும்தான். இந்த வாயு மூச்சுக்குழலை எரிச்சலூட்டும், ஆஸ்துமாவை கிளப்பும். வெயிலில் ஓசோனாகவும் மாறும்.

2015ல் அமெரிக்காவில் போக்ஸ்வேகன் டீசல் கார்கள் சிக்கியதும் இதே வாயுவில்தான். லேப்பில் பாஸ், ரோட்டில் வரம்பைப்போல 40 மடங்கு வரை! இந்தியாவிலும் 2023 ஏப்ரல் முதல் புதிய கார்களை ரோட்டில் ஓட்டிப் பார்க்கும் விதி வந்தது. ஆனால் அது கம்பெனிகளுக்கு. வாங்கி 5 வருஷம் ஓடிய காருக்கு அதே பழைய புகை சோதனைதான்.

மாசு விதியை மீறினால் மோட்டார் வாகன சட்டப்படி 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அளக்காத வாயுவுக்கு யார் அபராதம் போடுவது? ஆண்டுக்கொரு சோதனையில் கோளாறு எண்ணையும் படித்தால் பாதி ஓட்டை அடைபடும். தேவை ஒரு சின்ன ஸ்கேனர்தான்.

கார் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது

* லைட் விட்டு விட்டு மின்னினால் என்ஜின் 'மிஸ்' அடிக்கிறது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கி விடும். ஓரம் கட்டுங்கள்.

* நிலையாக எரிந்தால் ஸ்கேன் செய்து கோளாறு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

* "சென்சார் போச்சு சார்" என்றதும் பர்சைத் திறக்காதீர்கள். ஸ்பார்க் பிளக் கோளாறு, புகைக்குழாய் கசிவு, காற்றுக் குழாய் விரிசல் இருந்தாலும் சென்சார் புகார் செய்யும். புகார் கொடுத்தவனையே பிடித்து உள்ளே போட்ட கதை ஆகிவிடக்கூடாது!