தீவுக்குப் போகாமலே ஒரு தொண்டு

திண்டிவனத்திலிருந்து என் நாத்தனார் விழுப்புரத்துக்கு வந்திருந்தாள். கல்லூரியில் படிக்கும் மகள், வெளிநாட்டுத் தீவில் கடலாமைகளைக் காக்கும் தொண்டுக்குப் போகணும் என்கிறாளாம். "வேலையும் செஞ்சு, பணமும் நாமே கட்டணுமாம் அண்ணி!" என்று ஒரே புலம்பல். வாஸ்தவம்தான். இப்படிப்பட்ட பல திட்டங்களில் தங்கும் செலவும் விமானச் செலவும் நம் தலையில்தான்.

ஆனால் சகோதரிகளே, அந்தத் தொண்டு நம் கரையிலேயே இருக்கிறது! பங்குனி ஆமைகள் மரக்காணம் கரையிலும் சென்னைக் கரையிலும் முட்டையிட ஏறுகின்றன. சென்னையில் மாணவர்கள் 1988-ல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. தை பிறந்ததும் இவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, சுமார் 7 கி.மீ., இரவில் மணலில் நடந்து முட்டைகளைத் தேடுவார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். நாய் தோண்டாதபடி வேலிக்குள் புதைத்துவைத்தால், 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். குஞ்சுகள் வெளிச்சத்தை நாடிப் போகிறவை. தெருவிளக்கைக் கண்டால் கடலை விட்டு ரோட்டுக்கு ஏறிவிடும். பத்திரமாகக் கடலில் சேர்க்க ஆள் வேண்டாமா?

தாமாக முட்டையைத் தொடக் கூடாது. 1972-ம் வருஷச் சட்டப்படி குற்றம். அனுமதி பெற்ற குழுவோடுதான் போகணும்.

ராத்திரியில் பெண்ணை எப்படி அனுப்புவது என்கிறீர்களா? துணைக்கு நீங்களும் நடங்களேன்! மத்தியானம் சற்றுத் தூங்கி, தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். டார்ச் மட்டும் வேண்டாம்.